கூட்டிப் பெருக்கிய கொக்கோத் தோட்டம்

தங்கையைத் திரும்ப அழைத்துவரப் போகிறவளுக்கு ஊர் சுற்றிப் பார்க்க மனம் வருமா என்று கேட்கலாம். எனக்கு வந்தது. கவலை வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது, சிலருக்குத் தூக்கம் வராது. எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. ஆகவே இது பயணக் கட்டுரைதான் என்றாலும், பாதிக்கு மேல் நான் பதற்றத்தில் நடந்த நடை.

நான் துறையூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அம்மா இல்லாத வீட்டில் தங்கை கோமதியை வளர்த்தது நான். அவளை மாத்தளையில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை நடராஜனின் குடும்பம் எங்கள் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் சிலோனுக்குப் போனது. ரத்தோட்டை ரோட்டில் அவர்களுக்குக் கொக்கோவும் மிளகுமாகச் சொந்தத் தோட்டம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையின்போது, மாத்தளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் வந்து சம்பந்தியம்மாள் சொல்லியனுப்பியதைச் சொன்னார். அக்காக்காரியை வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்பதுதான் செய்தி.

எங்கள் தெருவில் அப்படிக் ‘கொஞ்ச நாள்’ இருக்க வந்த இரண்டு பெண்களுக்குத் தலை நரைத்துவிட்டது. நான் அன்றைக்கே பெட்டியை எடுத்துத் துடைத்தேன்.

மாத்தளை ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். வார்த்தைக்குக் காசு கேட்பார்கள் என்று பயப்படுகிற மனிதர் அவர். “வாங்க” என்றார், பெட்டியை வாங்கிக்கொண்டார், அத்தோடு சரி. ரத்தோட்டை பஸ் ஒரு ஏற்றத்தில் மூச்சுவிட முடியாமல் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். உள்ளே உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பியதும் ஒரு பெரியவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். ‘இந்தியாவிலிருந்து புது எஞ்சின் வந்திருக்கிறது’ என்றாராம். அதைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் மீசைக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. கெட்ட மனிதர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் அந்த மாதத்தில் கிணற்றுக்கு அடி தெரியும், ஆடு சுவரொட்டியைத் தின்னும். இங்கே மைல்கல்லின் தலையில்கூடப் பாசி. நட்டுவைத்த வேலிக் கம்பெல்லாம் துளிர்த்திருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் காய்க்க மாட்டேன் என்று ஒரு மரம் பிடிவாதம் பிடிக்குமா? அப்போது எனக்கு அந்த விஷயம் தெரியாது. தோட்டத்துக்குள் நுழைந்தபோது வாய்பிளந்துதான் பார்த்தேன்.

உயரத்தில் முள்முருங்கை மரங்கள் நிழல் கொடுத்தன. அவற்றின் உடம்பைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி ஏறியிருந்தது. நிழலுக்குள் கொக்கோ மரங்கள் வரிசையாக நின்றன. பூ கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலேயே மூக்குத்தி மூக்குத்தியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட என் கண்ணில் பட்டது தரைதான். ஒரு சருகு கிடையாது. விளக்குமாற்றின் கோடு கோலம் போல ஓடியது. கோயில் பிராகாரத்தில் செருப்பைக் கழற்றுவதுபோல நான் செருப்பைக் கழற்றப் போனேன். இது கோமதியின் கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கோமதி இளைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். சம்பலில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். முதல் வாயில் முகத்தைச் சுளித்தேன், நான்காவது ரொட்டியில் இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டேன்.

மறுநாள் மாமியார் மரகதம்மாள் என்னைத் தோட்டத்துக்குள் அழைத்துப்போனார். மூட்டுவலியோடு, மரத்துக்கு மரம் கைவைத்து நடந்தார். ஒவ்வொரு மரத்திலும் பூவைக் காட்டினார். கீழே சிந்திக் கிடந்த பூவையும் காட்டினார். ஒரு காலத்தில் காயின் பாரத்தில் மரம் சாயும் என்றார். கோமதி வந்த வருஷம் பாதியாகிவிட்டதாம், அடுத்த வருஷம் கூடைக்குக்கூடத் தேறவில்லையாம், இந்த வருஷமோ எண்ணிப்பார்க்க ஒன்றும் இல்லையாம். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். மரத்துக்கு மரம் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார். கடைசியில் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“பூக்குது டீச்சர். பிடிக்கல. தோட்டத்துலயும் பிடிக்கல, வீட்டுலயும் பிடிக்கல.”

கோமதிக்கு இன்னும் குழந்தை இல்லாததைத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அம்மாளை அந்த நிமிஷம் வெறுத்தேன். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. தோட்டம் போனால் அந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே மூச்சில் மருமகளின் வேலையைப் புகழ்ந்தார். தனக்கு மூட்டு விட்டுப்போன பிறகு தோட்டம் குப்பைமேடாகக் கிடந்ததாம். இவள் வந்துதான் வெளிச்சம் வந்ததாம். தேர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கை நல்ல கை, கால்தான் ஆகாத கால் என்பது அவர் தீர்ப்பு.

அடுத்த நாள் விடிகாலையில் விளக்குமாற்றுச் சத்தத்தில் கண் விழித்தேன். கோமதி வீட்டு வாசலில் ஆரம்பித்து, கொக்கோ மரத்தடி ஒவ்வொன்றாக வேலிவரை கூட்டிக்கொண்டு போனாள். சருகைக் குவித்துத் தீ வைத்தாள். அணில் கடித்துப் போட்ட பழைய கொக்கோத் தொலிகளையும் பொறுக்கி அதே தீயில் போட்டாள். பாம்பு அண்டாது என்றாள். நாற்றமும் இருக்காது என்றாள். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். “இந்த ஒண்ணுக்குத்தான் அக்கா இந்த வீட்டுல என்னைய நல்லவன்னு சொல்றாங்க” என்றாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தேன். மிளகு வியாபாரி ஒருவரின் மனைவி ஜெமீலாவின் தோட்டம் அது. கோமதி அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். அங்கே கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. வெட்டிப்போட்ட வாழைத்தண்டு அழுகிக் கிடந்தது. உடைத்த கொக்கோத் தொலி குவியல் குவியலாக, மழைத்தண்ணீர் தேங்கிக் கறுத்திருந்தது. கோழிகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். அடிமரத்திலிருந்து கிளைவரை மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் தொங்கின.

ஜெமீலா ராத்தா ஒரு பழத்தைக் கல்லில் தட்டி உடைத்து நீட்டினார். கொட்டையைச் சுற்றியிருந்த வெள்ளைச் சதை சீதாப்பழம் போல இனித்துப் புளித்தது. மூன்று பழம் தின்றேன். என்ன உரம் போடுகிறீர்கள் என்றேன். உரமா, கூட்டக்கூட ஆள் இல்லை என்றார். அணிலுக்கு ஒரு பங்கு, குரங்குக்கு ஒரு பங்கு, மிச்சம் தங்களுக்கு என்றார்.

“எங்கட தோட்டத்துல குப்பயும் ஈக்கி, காயும் ஈக்கி, என்ன செய்ய” என்று சொல்லிச் சிரித்தார். இருக்கு என்பதை அவர்கள் ஈக்கி என்பார்கள்.

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். வேலியை ஒட்டி நின்ற எங்கள் வரிசையில் மட்டும் மரத்துக்கு இரண்டு மூன்று பிஞ்சு பிடித்திருந்தது. மரகதம்மாளிடம் சொன்னேன். அது பக்கத்து வீட்டுக்காரர்களின் ராசி என்றார். அடுத்த வீட்டு ராசி வேலியைத் தாண்டி ஒரு வரிசை வந்து நிற்குமா? எனக்கு எரிச்சலாக வந்தது. ராசி என்ற ஒன்றை வைத்துக்கொண்டால் எதையும் யோசிக்க வேண்டாம், அவ்வளவு வசதி.

மறுநாள் சேலை வாங்க என்று சொல்லிவிட்டு மாத்தளை டவுனுக்குப் போனேன். கோமதியை இந்தியாவுக்கு அழைத்துப் போக என்ன தாள் வேண்டும் என்று விசாரிப்பதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு கவுண்டரிலும் நாளை வா என்றார்கள். கோபத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் போர்டெல்லாம் சிங்களத்தில் மட்டும். எனக்கு அந்த எழுத்து அத்தனையும் ஜிலேபி. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க நிற்காமல், கிளம்பிக்கொண்டிருந்த ஒன்றில் தாவி ஏறினேன்.

வெகுதூரம் போன பிறகுதான் ஏற்றமே வரவில்லை என்று உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே வயல். பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு சிங்களப் பெண். ‘ரத்தோட்டை?’ என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து ‘நாவுல’ என்றாள். பிறகு மடியிலிருந்து அவித்த சோளத்தை எடுத்துப் பாதி ஒடித்து என் கையில் வைத்தாள். பாஷை தெரியாதவளுக்குச் சொல்லக்கூடிய ஆறுதல் அதுதான் என்று நினைத்திருப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாவுலயில் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. உட்கார முடியாமல் கடைத்தெருவை மேலும் கீழும் நடந்தேன். ஒரு கடைக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் தரையைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவரிடமிருந்து தப்பிப்பதற்காக எதிரே இருந்த கட்டடத்துக்குள் நுழைந்தேன். அது விவசாயக் கந்தோர். ஆபீஸை அங்கே கந்தோர் என்பார்கள். உள்ளே ஒரு சிங்கள அதிகாரி பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். வவுனியாவில் வேலை பார்த்தபோது தமிழ் பழகினாராம். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, மரங்கள்மேல் போலீஸில் புகார் கொடுப்பதுபோல எல்லாவற்றையும் கொட்டினேன்.

நிழல் உண்டா என்று கேட்டார். தண்ணீர், பூச்சிமருந்து, மரத்தின் வயசு எல்லாம் கேட்டார். பிறகு, “மரத்துக்குக் கீழ என்ன கிடக்கு?” என்றார்.

ஒன்றும் கிடையாது, என் தங்கை தினமும் கூட்டுகிறாள், தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “உங்கட தங்கச்சி நல்லா வேலை செய்றாங்க டீச்சர்” என்றார். “அதுதான் கஷ்டம்.”

பிறகு அவர் சொன்னதை என் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். கொக்கோப் பூ அவ்வளவு சின்னது. தேனீக்கு அதற்குள் வேலை இல்லை. மகரந்தம் காற்றில் பறக்கிற வகையும் இல்லை. கொசுவைவிடப் பொடியான ஒரு கொசு இருக்கிறது. கடுகில் பாதி இருக்காது. அது வந்து போனால்தான் பூ காயாகும், இல்லாவிட்டால் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அந்தக் கொசு முட்டையிடுவது ஈரச் சருகிலும் அழுகிய தொலியிலும் வாழைத்தண்டிலும். அணிலும் குரங்கும் பழத்தைத் தின்று தொலியைக் கீழே போடும். அதில் மழை தேங்கும், அழுகும், கொசு பிறக்கும். கொசு பூவுக்குப் போகும், பூ பழமாகும், பழத்துக்கு அணில் வரும். முள்முருங்கை நிழலைக் கொடுத்து இலையையும் உதிர்ப்பதால் இந்த ஈரம் காயாமல் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தரைத் துரத்திவிட்டு மற்றவர்கள் மட்டும் நன்றாக இருக்க முடியாது என்று நாம் சொல்வோமே, அந்தக் கதைதான்.

வேலியோர வரிசையில் காய் பிடித்ததன் காரணம் புரிந்துவிட்டது. ஜெமீலா ராத்தாவின் குப்பையிலிருந்து அந்தக் கொசு அவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறது. குப்பையைச் சேரவிட்டால் மறுபடி பிடிக்குமா என்று கேட்டேன். அடுத்த பூப்பில் தெரியும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சந்தோஷமாக ஏறினேன். சந்தோஷம் இரண்டு மைல்கூட ஓடவில்லை. நான் கோமதியை அழைத்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்? மூட்டுவலிக்கார மாமியாரால் கூட்ட முடியாது. சருகு சேரும், தொலி அழுகும், கொசு வரும். அடுத்த வருஷம் மரம் கொள்ளாமல் காய்க்கும். ஊர் என்ன சொல்லும்? பார்த்தாயா, அவள் போனாள், தோட்டம் பிழைத்தது என்று சொல்லும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் தங்கை துறையூரில் உட்கார்ந்திருக்க, இங்கே தொங்குகிற ஒவ்வொரு காயும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அவளை மீட்கிறேன் என்று வந்தவள், அவளுக்கு அந்தப் பெயரை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டுப் போக இருந்தேன்.

விடிந்ததும் கோமதியை ஜெமீலா ராத்தாவின் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு பூவின் முன்னால் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அட்டை என் காலில் ஏறியதைக்கூட நான் தட்டவில்லை. தூசி மாதிரி ஒன்று வந்து பூவில் உட்கார்ந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது, காணாமல் போனது. “இதுவா?” என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்கு அழைத்துப் போக வந்த நானே இப்போது வராதே என்று சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். “அப்ப நான்தானா காரணம்?” என்று மட்டும் கேட்டாள். உன் கால் இல்லை, கை என்றேன். மாமியாரிடம் நான் பேசுகிறேன் என்றதற்கு, “நீ பேசாத அக்கா. நீ பேசினா சண்டையாப் போயிரும்” என்றாள். அது உண்மைதான்.

அன்றைக்கும் அவள் கூட்டினாள். அடுத்த நாளும் கூட்டினாள். எனக்குப் பைத்தியம் பிடித்தது. நான் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஜெமீலா ராத்தா கொடுத்தனுப்பிய வட்டிலப்பம் என்ற இனிப்பைக்கூட நின்றுகொண்டே தின்றேன். இதற்குள் நான் கேட்டுவைத்த தாள்களும் தயாராகிவிட்டதாக மாப்பிள்ளை வந்து சொன்னார். அந்த நாட்டு அரசாங்கம் என் ஆயுளில் ஒரே ஒரு தடவை சுறுசுறுப்பாக வேலை செய்தது, அதுவும் வேண்டாத வேளையில்.

நான் தங்குவதற்கு அரசாங்கம் அனுமதித்திருந்த நாள் முடிந்தது. கிளம்பும் காலையில் முன்னறையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது கோமதியுடையது, மரகதம்மாள் தன் கையால் மடித்து அடுக்கியது. ஒரு புதுச் சேலையும் வைத்திருந்தார். நல்ல மனதோடு அனுப்புகிறாராம். வெளியே அன்றைக்கு முதல் தடவையாகத் தரை கூட்டாமல் கிடந்தது. இரவு மழையில் உதிர்ந்த இலைகள் மரத்தடியில் ஒட்டிக்கிடந்தன. புறப்படும் பெண்ணை வேலை வாங்குவானேன் என்று மாமியார் விட்டுவிட்டதாக நினைத்தேன்.

கோமதி விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள். பெரியவர்கள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்பதால் மாமியார் பக்கத்துச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

“அத்த, காய் பிடிக்காததுக்கு நான்தான் காரணம்” என்றாள்.

மரகதம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கோமதி சருகைப் பற்றியும் தொலியைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் நிதானமாகச் சொன்னாள். என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டு முடித்த மாமியார், தான் சொன்னதும் அதுதானே, இவள் வந்த பிறகுதானே இப்படி ஆனது என்றார்.

“நீங்க சொன்னது ராசி அத்த. ராசியா இருந்தா அதுக்கு மருந்து இல்ல, நான் அக்காகூடப் போயிர்றேன். இது வெளக்கமாறு. கீழ வச்சுட்டேன்.”

மரகதம்மாள் கூட்டாத தரையை வெறித்துப் பார்த்தார். அவர் கேட்டது கொக்கோவைப் பற்றி இல்லை. தேருக்குச் சொந்தக்காரர்கள் வருவார்களே, தோட்டம் இப்படிக் கிடந்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்.

“மருமக சோம்பேறின்னு சொல்லுவாங்க. சொல்லட்டும் அத்த. ராசி கெட்டவன்னு சொல்றதுக்கு சோம்பேறின்னு சொன்னா எனக்குப் போதும்.”

அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே நல்ல பெயர் அது. அதை அவளே எடுத்து வெளியே போட்டாள்.

மரகதம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், வாசல்வரை போனார், நின்றார். “அடுத்த பூப்பு வரைக்கும் பாப்போம்” என்று தோட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் பஸ் வருகிறது என்று சொல்ல வந்த மாப்பிள்ளை, கோமதியின் பெட்டியைத் தூக்கி உள்ளறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து என் பெட்டியைத் தூக்கினார்.

பஸ்ஸில் கோமதியும் வருகிற நினைப்பிலேயே இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டேன். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டபோது ஒரு விரலைக் காட்டினேன். மாத்தளை போய்ச் சேரும்வரை அழுதேன். வருத்தமா சந்தோஷமா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. காய் பிடிக்குமா என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. துறையூரில் கேட்பார்கள், கோமதி ஏன் வரவில்லை என்று. அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று சொல்ல முடிவு செய்தேன். விடிகாலையில் எழுந்து, உதிர்ந்து கிடக்கும் சருகைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற வேலை. என் தங்கைக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது.